கண் மஞ்சளாகாத காமாலை

நம் கிராமங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், அன்றே 'மஞ்சள் காமாலை' என்று தீர்ப்பாகிவிடும். மறுநாள் விடியற்காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் ஆகாது, இறைச்சி ஆகாது என்று பத்தியம் வைப்பார்கள். சில ஊர்களில் ஓதிப் பார்ப்பதும், கையில் சூடு போடுவதும் உண்டு. சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் தெளியும். காமாலை இறங்கிவிட்டதென்று குடும்பத்தார் அல்லாஹ்வுக்கு நன்றி கூறி, பத்தியத்தை முடித்துக்கொள்வார்கள்.

மருத்துவ நூலார் கூறுவது சற்று வேறு. காமாலை என்பது நோயின் பெயரன்று. கல்லீரல் துன்புறுகிறது என்பதைக் காட்டும் அடையாளத்தின் பெயர். அத்துன்பத்தை விளைவிக்கும் வைரஸ் கிருமிகள் பல. அவற்றை ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்துகளால் பிரித்து அழைக்கின்றனர். இவற்றுள் ஏ, ஈ ஆகிய இரண்டும் அசுத்தமான குடிநீர் வழியாகவும் உணவு வழியாகவும் பரவுபவை. ஒரே தெருவில் பத்துப் பேருக்குச் சேர்ந்தாற்போல் காமாலை வருமாயின், அது பெரும்பாலும் இவ்வகையினதே. கர்ப்பிணிகளுக்கு ஈ வகை ஆபத்தானது என்பதை மறந்துவிடலாகாது. மற்றபடி பெரும்பாலோருக்கு இது தானே வந்து தானே போவது. கீழாநெல்லி குடித்தவருக்கும் குணமாகும், குடிக்காதவருக்கும் குணமாகும்.

பி வகையின் போக்கே வேறு. அது இரத்தத்தின் வழியாகவும் உடல் திரவங்களின் வழியாகவும் பரவுவது. தொற்றியவர்களில் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலில் தங்கியிருந்துவிட்டு, ஒரு நாள் வயிற்று வீக்கமாகவோ இரத்த வாந்தியாகவோ வெளிப்படும். அப்போது பார்த்தால் கல்லீரல் சுருங்கி இறுகியிருக்கும். சிலருக்குப் புற்றுநோயாகவே மாறியிருக்கும். 'மகோதரம் கண்டு மௌத்தாகிவிட்டார்' என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். 'வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதருக்கு ஈரல் எப்படிக் கெட்டது?' என்று வியந்தும் பேசுவார்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 25 கோடியே 40 லட்சம் பேர் இக்கிருமியை நிரந்தரமாகச் சுமந்து வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் இந்தியர். சீனாவை அடுத்து நம் நாடுதான். இவ்வளவு பேரில் தமக்கு இந்நோய் இருப்பதை அறிந்தவர்கள் உலக அளவில் நூற்றுக்கு 13 பேரே என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

மெடிக்கலில் தெரியவரும் செய்தி

நம் சமுதாயத்தில் பலருக்கு இந்நோய் முதன்முதலாகத் தெரியவருவது எங்கே என்று வாசகர்கள் அறிவார்கள். நோயுற்று மருத்துவமனைக்குச் சென்ற இடத்தில் அன்று. வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி காணப்பட்டால் அந்நாடுகள் பலவற்றுக்குச் செல்ல இயலாது. 'மெடிக்கலில் அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு பிள்ளை ஊர் திரும்புகிறான்.

எம் மத்ரஸாவில் சிறுவயதில் ஓதிய இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு திரும்பி வந்தார். 1999இல் பிறந்தவர். ஐவேளைத் தொழுகையை விடாதவர். விசாவுக்கென்று வாங்கிய கடன் ஒருபுறமிருக்க, பெண் பேசி வைத்திருந்த வீட்டார் செய்தி கேட்டுப் பின்வாங்கிவிட்டனர். அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் வந்தமர்ந்து, குனிந்த தலை நிமிராமல், "ஹஜ்ரத், நான் எந்தத் தப்பான வழிக்கும் போனதில்லை. சிகரெட்கூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படி இது வந்தது? ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள்" என்றார்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உம்மாவுக்குச் சோதனை எடுத்தீர்களா?" என்பது. எடுத்தார்கள். தாயாருக்கும் இருந்தது. ஒரு நாளும் காமாலை கண்டிராத அவ்வம்மையாருக்கு அது எப்போது, எப்படி வந்ததென்று எவராலும் கூற இயலவில்லை. திருமணமாகி ஏழு மாதக் கர்ப்பிணியாயிருந்த மூத்த சகோதரிக்கும் இருந்தது. ஊரார் எதை எதையோ கற்பனை செய்துகொண்டிருந்த நேரத்தில், உண்மை இருபதாண்டுகளுக்கு முந்தைய ஒரு பிரசவ அறையில் கிடந்தது.

இந்நோயைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் தலையாயது இதுவே. இக்கிருமி எந்த வயதில் உடலில் புகுகிறது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது. வளர்ந்த, நலமான ஒருவரின் உடலில் புகுந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அவர்களுடைய உடலின் எதிர்ப்பாற்றலே சில மாதங்களில் அதை விரட்டிவிடுகிறது. ஆனால் பிரசவத்தின்போது தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குத் தொற்றினால், பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. பச்சிளங் குழந்தையின் உடல் கிருமியைப் பகையென்று அடையாளம் காண்பதில்லை. ஆகவே போராட்டமும் இல்லை. போராட்டம் இல்லாததால் காமாலையும் இல்லை. இருபத்தைந்து வயதில் 'அன்ஃபிட்' ஆகும் பிள்ளைகளுள் பலர், பிறந்த அன்றோ தவழும் பருவத்திலோ நோயைப் பெற்றவர்கள். அவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் குறிப்பாகப் பேசுவது அறியாமை மட்டுமன்று. புறமும் அவதூறும் ஆகும்.

ஊசியும் சவரக்கத்தியும்

தாய் வழியன்றிப் பிற வழிகளும் உண்டு. கணவன், மனைவி உறவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். கிராமப்புறங்களில் முக்கியமான மற்றொரு வழி ஊசி. டாக்டர் ஊசி போடாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கும், "ஓர் ஊசி போட்டுவிடுங்கள்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். அந்த ஊசியின் உறை நம் கண்ணெதிரில் பிரிக்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலத்தின் மொடாசா வட்டாரத்தில் நிகழ்ந்தது ஒரு பெரும் பாடம். அன்று சபர்காந்தா மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று அரவல்லி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கும் சுற்றுப்புறங்களிலும் திடீரென்று ஹெபடைடிஸ் பி பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; பலர் மாண்டனர். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் மற்றவர்களுக்கும் பயன்படுத்தியதே காரணமென்று கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் கைது செய்யப்பட்டனர். மக்கள் போலி மந்திரவாதியிடம் போய் ஏமாறவில்லை. நோய் தீர வைத்தியரிடம் போனவர்கள்தாம் நோயை வாங்கி வந்தனர்.

இக்கிருமி உலர்ந்த இரத்தக் கறையில் ஏழு நாட்கள் வரைகூட உயிர்த்திருக்க வல்லது. அக்கறை கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. எனவே முடிதிருத்தும் கடையையும் சற்று எண்ணிப் பாருங்கள். பிளேடை மாற்றும் வழக்கம் இப்போது பரவலாக வந்துவிட்டது. படிகாரக் கல்லை எவர் மாற்றுகிறார்? சவரத்தில் கீறல் விழுந்த ஒருவருடைய கன்னத்தில் தேய்த்த அதே கல், அடுத்தவருடைய கன்னத்துக்கும் வருகிறது. காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி, சந்தையில் பல் பிடுங்குபவரின் இடுக்கி ஆகியவற்றின் நிலையும் இதுவே. சுடுநீரில் ஒரு முறை முக்கியெடுப்பதும், கிருமிநாசினி நனைத்த பஞ்சால் துடைப்பதும் போதமாட்டா.

நம் வீடுகளுக்கே உரிய மூன்று இடங்களைத் தனியே சொல்ல வேண்டும். பிறந்த ஏழாம் நாளில் அகீகாவின்போது குழந்தைக்கு முடி களைகிறோம். அதற்கு வரும் நாவிதரிடம் புதிய பிளேடைக் கொடுத்து அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அடுத்தது கத்னா. ஒரே நாளில் பல சிறுவர்களுக்குக் கூட்டாகச் செய்யும்போது, ஒரே கத்தி கைமாறும் நிலை இருக்கவே கூடாது. மருத்துவரைக் கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தூய்மை செய்யப்பட்ட கருவிகளால் செய்விப்பதே முறை. மூன்றாவது, ஹஜ், உம்ராவில் தலைமுடி களைதல். கூட்ட நெருக்கடியில் சாலையோரம் பிளேடோடு நிற்பவரிடம் தலையைக் கொடுத்துவிடாதீர்கள். அரசு உரிமம் பெற்ற நாவிதரிடமே செல்லுங்கள். பயணப் பையில் சொந்த சவரக் கருவியை வைத்திருப்பது இன்னும் நலம். அதைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இரவல் தரவும் வேண்டாம்.

சஹனிலிருந்து விலக்காதீர்கள்

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாத நாம், அஞ்ச வேண்டாதவற்றுக்கு மிகவும் அஞ்சுகிறோம். மேலே கூறிய இளைஞரை ஓர் உறவினர் வீட்டு வலீமாவில் சஹனில் சேர்த்துக்கொள்ளாமல் தனித்தட்டு வைத்தார்கள். அதே வீட்டுக் குளியலறையில் அண்ணன் தம்பி மூவரும் ஒரே சவரக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்!

இந்நோய் உணவாலும் நீராலும் பரவுவதில்லை. ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே குவளையில் அருந்துவதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ தொற்றாது. பள்ளிவாசல் ஹவ்ளில் உளூச் செய்வதால் தொற்றாது. இருமல், தும்மலாலும் தொற்றாது. நோயுள்ள தாய் தன் குழந்தைக்குத் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். பிறந்தவுடன் தடுப்பூசி போடப்பட்டிருந்தால் போதும். வீட்டில் பிரித்து வைக்க வேண்டியவை பாத்திரங்கள் அல்ல. சவரக் கருவி, பல்துலக்கி, மிஸ்வாக் குச்சி, நகவெட்டி ஆகியவை.

கீழாநெல்லி குணப்படுத்துமா?

இக்கேள்வியைக் கேட்காத தாய்மார் இல்லை. சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இதில் நம் தமிழகத்துக்கு ஒரு சிறப்பான பங்கு உண்டு.

ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தைக் கண்டறிந்தவர் பாருக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடைய இரத்தத்தில் 1960களில் அதைக் கண்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அது முதலில் பெயர் பெற்றது. அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான சென்னை ஆய்வாளர்கள் இந்த பிளம்பர்க்கோடு இணைந்து கீழாநெல்லியை ஆராய்ந்தனர். 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அம்முடிவு வெளியாயிற்று. கிருமியைச் சுமந்திருந்த 37 பேருக்கு முப்பது நாட்கள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 22 பேருடைய இரத்தத்தில் அந்தப் புரதம் காணாமற்போனது; வெற்று மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறாயிற்று.

எவ்வளவு மகிழ்ச்சியான செய்தி! நம் வயல் வரப்பில் மிதிபட்டுக் கிடக்கும் செடி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அறிவியலின் வழக்கம், ஓரிடத்தில் கண்டதைப் பல இடங்களில் செய்து பார்ப்பது. தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தனர். சென்னையில் கிடைத்த பலன் அங்கெல்லாம் கிடைக்கவில்லை. இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் எவையும் இந்நோய்க்குக் கீழாநெல்லியைப் பரிந்துரைப்பதில்லை.

கீழாநெல்லியைப் பழிப்பது எமது நோக்கமன்று. முன்னோர் கண்ட மூலிகை அது, ஆராயத் தக்கது. ஆனால் அதைக் குடித்துக் கண் தெளிந்துவிட்டதென்று பரிசோதனையை விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. பி வகையில் கண் தெளிந்தபின்னும் கிருமி தங்கியிருக்கக் கூடும். இரத்தப் பரிசோதனை ஒன்றினாலேயே அதை அறிய முடியும். பெயரும் சேர்மானமும் தெரியாத சூரணங்களை விற்று, 'ஹெபடைடிஸ் பி முற்றிலும் குணமாகும்' என்று விளம்பரம் செய்பவர்களையோ அறவே நம்ப வேண்டாம். 'அன்ஃபிட்' ஆன இளைஞர்களின் பரபரப்பே அவர்களுடைய முதலீடு.

நோயுள்ளவர் செய்ய வேண்டியது

பரிசோதனையில் நோய் தெரியவந்தால் வாழ்வு முடிந்துவிட்டதென்று பொருளன்று. பலர் எந்தத் தொல்லையுமின்றி முழு ஆயுள் வாழ்கிறார்கள். ஆனால் கண்காணிப்பு வேண்டும். மருத்துவர் கூறும் இடைவெளியில் கல்லீரலின் நிலையையும் இரத்தத்தில் கிருமியின் அளவையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவை கிருமியை வேரோடு களைவதில்லை. அடக்கி வைக்கின்றன, கல்லீரலைக் காக்கின்றன. நலமாயிருக்கிறதென்று தாமாக நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும். 2018 ஜூலை 28 அன்று இந்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இச்சோதனைகளும் மாத்திரைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

திருமணம் கூடுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கூடும். ஆனால் மறைத்துச் செய்யலாகாது. பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ உண்மையைச் சொல்லி, நிகாஹுக்கு முன்பே மற்றவருக்கு மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டு, எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டதை இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்துகொண்டால் அச்சத்துக்கு இடமில்லை. அந்த உறுதி கிடைக்கும் வரை ஆணுறை போன்ற பாதுகாப்பு தேவை. வீட்டிலுள்ள மற்றவர்கள் அனைவரும் சோதித்துக்கொண்டு, நோயில்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்பது முறை.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

இந்நோய்க்குத் தடுப்பூசி 1981இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. அது மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1986இல் ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கும் முறை வந்தது. இன்று நம் நாட்டில் போடப்படுவது இவ்வகையினதே. ஆகவே இரத்தம் கலந்த ஊசியோ என்று ஐயுற வேண்டியதில்லை. ஆனால் இறக்குமதியான அந்த ஊசியின் விலை அன்று ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த வரபிரசாத் ரெட்டி என்னும் பொறியாளர் அதை இந்தியாவிலேயே செய்ய முனைந்து சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, முதலீடு செய்து துணை நின்றவர் ஓமன் நாட்டின் அன்றைய வெளியுறவு அமைச்சர் யூசுஃப் பின் அலவி. 1997இல் அவ்வூசி விற்பனைக்கு வந்தது. விலையும் பெரிதும் இறங்கியது.

சவூதி அரேபியா 1989இலேயே தன் குழந்தைகள் அனைவருக்கும் இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கிற்று. அப்போது அந்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு இருந்த இந்நோய், 1997இல் ஆயிரத்துக்கு 3 பேர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. நம் பிள்ளைகளைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து திருப்பி அனுப்பும் நாடு, தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது விரிவாகச் சேர்ந்தது 2007, 2008ஆம் ஆண்டுகளில்தான். நாடு முழுமைக்கும் 2011இல். அதற்கு முன் பிறந்தவர்கள் தாமே கேட்டுப் போட்டிருந்தாலன்றிப் பாதுகாப்புப் பெற்றிருக்க மாட்டார்கள்.

இப்போது குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியோடு இதுவும் சேர்ந்தே போடப்படுகிறது. 'அதுதான் பிறகு போடுகிறார்களே, பிறந்த அன்றே எதற்கு?' என்று சில பாட்டிமார் தடுக்கின்றனர். 'பச்சை உடம்பு, நாற்பது கழியட்டும்' என்கிறார்கள். ஆறாம் வாரத்துக்குள் கிருமி கல்லீரலில் குடியேறிவிடும். அதன்பின் போடும் ஊசியால் அதை வெளியேற்ற முடியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் அந்த ஒரு தவணையே தாய்வழித் தொற்றைத் தடுப்பது. தாய்க்கு நோய் இருப்பது தெரிந்தால், அதனுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் மற்றோர் ஊசியும் குழந்தையின் வேறொரு தொடையில் போடப்படும். கர்ப்பிணியின் இரத்தத்தில் கிருமி மிகுதியாயின், கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கே மாத்திரை கொடுத்து அதன் அளவைக் குறைப்பர். மேலே கூறிய இளைஞரின் சகோதரிக்கு ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிட்டதால் இவையனைத்தையும் செய்ய முடிந்தது. அக்குழந்தைக்கு ஒரு வயது கடந்தபின் சோதித்ததில் நோய் இல்லை, அல்ஹம்து லில்லாஹ்.

ஆகவே பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகளின் கர்ப்ப கால அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி சோதனையின் முடிவு அதில் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறிய தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதாயிருந்தால், பிறப்புத் தவணை ஊசி அங்கே இருப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். விடுமுறை நாளிலோ நள்ளிரவிலோ பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் இது பெரும்பாலும் தவறிப்போகிறது. குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வருகிறவரே இதையும் கேட்டுவிடலாம். இடது மேற்கையில் போடுவது காசநோய்க்கான பி.சி.ஜி.; வாயில் விடுவது போலியோ சொட்டு; தொடையில் போடுவதே ஹெபடைடிஸ் பி. மூன்றும் முடிந்தனவா என்று பார்த்து, தொடையில் போட்ட ஊசிக்கு மட்டும் அட்டையில் தேதியோடு நேரத்தையும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.